டைட்லரைத் தேடி வந்த தம்பிக்கு

வா தம்பி, இப்படித் திண்டுல உக்காரு. அந்த லென்ஸை மொதல்ல கழுத்துல இருந்து இறக்கி வை. அது என்ன வெலைன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா, அந்தக் காசுக்குப் பூம்பாறையில எம்புட்டுப் பூண்டு போட்டிருக்கலாம்னு மனசு கணக்குப் போட ஆரம்பிச்சிரும். ரெண்டு டீ சொல்லு. புத்தி சொல்ற வாய் காயக்கூடாது.

சட்டை நல்லாருக்கு. உடம்பு பூராம் இலையும் தழையுமா அச்சடிச்சிருக்கான். போட்டுக்கிட்டு நின்னா மரம்னு நெனச்சுக் குருவி தோள்ல வந்து உக்காரும்னு சொல்லி வித்திருப்பான் கடைக்காரன். முதுகுல பையி மட்டும் ஆரஞ்சுக் கலர்ல வாங்கியிருக்க பாரு, அங்கதான் நீ நிக்கிற.

விசயம் எனக்குத் தெரியும். நம்ம கொடைக்கானல் ஏரிக்கு மேல இருக்குற சோலையில டைட்லர் கதிர்க்குருவியைப் பாத்தேன்னு நேத்து சாயந்திரம் எவனோ ஒருத்தன் குரூப்புல போட்டிருக்கான். ராத்திரியோட ராத்திரியா வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோட்டுல ஏறி, வெள்ளன ஊரே வந்து நிக்குது. போன மாசம் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நாலு நாள் நடந்துச்சே, அப்ப இந்த ஏரிக்கரையில ஒரு ஈ காக்கா இல்ல. காக்காயைக் கணக்கெடுக்க யாருக்கு மனசு வருது? ரேருன்னு ஒரு சொல் விழுந்துட்டா உங்களுக்குக் கால் தரையில பாவாது.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்னு முழிக்காத. இந்த மலைக்குக் குருவி பாக்க வந்த புரொபசர்மாருக்கு, ஆராய்ச்சிப் பிள்ளைகளுக்கு எல்லாம் பையி தூக்கினவன் நான். முதுகுலதான் பாரம். காது சும்மாதானே இருந்துச்சு.

சரி, யாரைத் தேடி வந்திருக்கன்னு தெரியுமா? குருவியைக் கேக்கல, டைட்லரைக் கேக்குறேன். தெரியாதுல்ல. ராபர்ட் கிறிஸ்டோபர் டைட்லர்னு ஒரு வெள்ளைக்காரப் பட்டாளத்து அதிகாரி. 1857 கலகத்துல டெல்லியில இருந்தவரு. அது அடங்கின பெறகு அவரும் அவர் சம்சாரம் ஹாரியட்டும் இடிஞ்சு கிடந்த டெல்லியைப் போட்டோ போட்டோவா எடுத்தாங்க. அந்தக் காலத்துக் கேமரா, உன்னுதைவிடக் கனம். பெறகு அந்தமானுக்குப் போயி கைதிங்க குடியிருப்புக்கு அதிகாரியா இருந்தாரு. அங்க ஒரு மலைக்குச் சம்சாரம் பேரை வச்சு மவுண்ட் ஹாரியட்டுன்னு சொன்னாங்க. 2021-ல அதை மவுண்ட் மணிப்பூர்னு மாத்திட்டாங்க. பொண்டாட்டி பேர்ல இருந்த மலை போயிருச்சு. புருசன் பேர்ல இருக்குற ஏழெட்டு கிராம் குருவி மட்டும் வருசா வருசம் தவறாம வந்துக்கிட்டிருக்கு.

அந்தப் பேரை வச்சவரு இன்னும் வேடிக்கை. புரூக்ஸ்னு ஒரு ரயில்வே எஞ்சினியர். தண்டவாளம் போட வந்த மனுசன், இலைக்குள்ள ஒளிஞ்சு திரியுற இந்தக் குருவிகளுக்குள்ள என்ன வித்தியாசம்னு பாத்துக்கிட்டே காலத்தைக் கழிச்சாரு. 1871-ல டைட்லர் பேரை வச்சாரு, அடுத்த வருசமே டைட்லர் போய்ச் சேந்துட்டாரு. நம்ம ஊர்ல ரயிலு லேட்டாகுறதுக்கு எந்தக் காலத்துல விதை போட்டாங்கன்னு இப்பப் புரியுதா?

டைட்லர் கதிர்க்குருவிக்குச் சொந்த ஊரு காஷ்மீரும் அதுக்கு மேற்கால இருக்குற மலைகளும். குளிர் இறங்குறதுக்குள்ள கிளம்பி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வந்துரும். நீலகிரிச் சோலை, நம்ம பழனிமலைச் சோலை, இதெல்லாம் அதுக்குக் குளிர்கால வீடு. நேர்கோட்டுல அளந்தாலே 2,500 கிலோமீட்டருக்கு மேல. அதுக்கு ரூம் புக்கிங் இல்ல, மலைப்பாதையில வாந்தி இல்ல. நீ காட்ரோட்டுல இருந்து மேல வர்றதுக்குள்ள எத்தனை தடவை வண்டியை நிப்பாட்டுனன்னு உன் டிரைவர் சொல்லிட்டான், விடு.

இப்ப சொல்லு. அது எப்படி இருக்கும்?

ஆமா, முதுகு பச்சை, வயிறு வெளுப்பு, கண்ணுக்கு மேல நீளமா வெளிர்ப் புருவம். நல்லாத்தான் படிச்சிருக்க. பச்சைக் கதிர்க்குருவி எப்படி இருக்கும்? முதுகு பச்சை, வயிறு வெளுப்பு, கண்ணுக்கு மேல புருவம். பெரிய அலகுக் கதிர்க்குருவி? அதுவும் அப்படித்தான். இந்த வகையறாவுல பாதிக்கு மேல ஒரே தறியில நெய்த துணி தம்பி. டைட்லருக்கு என்ன தனி அடையாளம்னா, இறக்கையில கோடு கிடையாது, அலகு கொஞ்சம் நீளமா, மெல்லிசா, கருப்பா இருக்கும், வாலு குட்டை. பச்சைக் கதிர்க்குருவிக்கு இறக்கையில மெல்லிசா ஒரு வெளிர்க் கோடு உண்டு. ஆக, ஒண்ணு இல்லாததை வச்சுத்தான் டைட்லரைச் சொல்லணும்.

அங்கதான் குழியே இருக்கு. பச்சைக் கதிர்க்குருவி வந்து நாலஞ்சு மாசம் கிளை கிளையா உரசித் திரியும்போது இறகு நுனி தேய்ஞ்சு போகும். அந்தக் கோடும் சில குருவிக்குக் காணாமப் போகும். தேய்ஞ்ச கோட்டுக்காரனைப் பாத்து டைட்லர்னு எழுதிட்டு, மேலயும் கீழயும் குதிச்சு, ஒருத்தனை ஒருத்தன் கட்டிப்பிடிச்சு, இதே கடையில பஜ்ஜி வாங்கிக் கொண்டாடினவங்களை நான் பாத்திருக்கேன். நானும் நாலு பஜ்ஜி தின்னேன். ஊட்டுறவன் கையை ஏன் தட்டி விடணும்? நேத்துக் குரூப்புல போட்டவன் பாத்தது எந்தக் கட்சின்னு நான் சொல்ல வரல. போட்டோவுல குருவி பாதி, இலை பாதி. அந்தப் பாதிக் குருவியிலயும் இறக்கை இருக்குற பாதி இலைக்குப் பின்னால இருக்கு. அம்புட்டுத்தான் சொல்வேன்.

அதனால உனக்கு நான் சொல்ற வைத்தியம் கசப்பா இருக்கும். டைட்லரை விடு. பச்சைக் கதிர்க்குருவியைப் பாரு. ஒரு நாளு முச்சூடும் அதையே பாரு. எந்த உயரத்துல மேயுது, எப்படிக் கத்துது, வெயில் பட்டா முதுகு என்ன நிறம், நிழல்ல என்ன நிறம், எல்லாம். மூஞ்சியைச் சுளிக்காத. "அதான் எல்லா ஊர்லயும் இருக்கே தாத்தா"ங்குற. எல்லா ஊர்லயும் இருக்குறதை நீ ஒரு ஊர்லயாவது பாத்திருக்கியா? லிஸ்டுல டிக் போட்டிருப்ப. டிக் போட்ட அன்னையோட அதுக்கும் உனக்கும் உறவு முடிஞ்சு போச்சு.

நீ ஏளனமாப் பாக்குற அந்தக் குருவியோட சங்கதி தெரிஞ்சா வாயைப் பொத்திக்குவ. அது இமயமலையில இருந்து திபெத்து மேட்டுநிலத்தைக் கிழக்கயும் மேற்கயும் சுத்தி, ரெண்டு பக்கமா வடக்க பரவிப் போயிருக்கு. சுத்துற வழியில பக்கத்துப் பக்கத்துல இருக்குறதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு உறவு கொண்டாடும். ஆனா ரெண்டு கோடியும் மறுபடி சைபீரியாவுல சந்திக்குது பாரு, அங்க ஒண்ணோட பாட்டு மத்ததுக்கு ஏற மாட்டேங்குது. ஜோடியும் சேர்றதில்ல. வரப்புத் தகராறுல பேச்சை நிறுத்தி மூணு தலைமுறை ஆன பங்காளி வீட்டுக்காரங்க கோயில் திருவிழாவுல எதிரெதிர நிப்பாங்களே, அந்தப் பார்வை. 1938-லயே டைஸ்ஹர்ஸ்டுங்குறவரு இதை எழுதி வச்சாரு. 2001-ல பாட்டையும் மரபணுவையும் அளந்து மறுபடி காட்டினாங்க. ஒரு இனம் ரெண்டாப் பிரியறது எப்படின்னு உலகம் பூராம் பாடம் நடத்துறவன் இந்தக் குருவியைத்தான் எடுத்துக்காட்டாச் சொல்றான். உனக்கு அது "வெறும் பச்சை". போ.

அடுத்து, அந்தப் போனைக் குடு. குருவிச் சத்தம் ஏத்தி வச்சிருக்கியா? ஒளிக்காத, காலையிலயே கேட்டேன். ஒரே குருவி, ஒரே மூச்சுல, ஒரே கத்தலை எட்டுத் தடவை கத்துச்சு. எட்டாவது தடவைக்கு நடுவுல உனக்கு ஒரு ஓடிபியும் வந்துச்சு.

இந்தக் குருவிங்க குளிர்காலத்துக்கு இங்க வந்தாலும் சும்மா திரியறதில்ல. 1990-கள்ல நம்ம முண்டந்துறைக் காட்டுல பச்சைக் கதிர்க்குருவியை வச்சே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. ஒவ்வொண்ணும் தனக்குன்னு ஒரு எல்லை பிடிச்சுக்கிட்டு, அதுக்குள்ள பூச்சி பொறுக்கி, இன்னொண்ணு வந்தாக் கத்தி விரட்டும். திரும்பிப் போற பயணத்துக்கு வேண்டிய கொழுப்பையும் அங்கதான் சேக்கணும். நீ போனைப் போட்ட உடனே, எவன்டா என் எல்லைக்குள்ளன்னு அது தின்னுற தீனியை விட்டுட்டு உன் தலைக்கு மேல வந்து துடிக்குது. நீ "நல்ல ரெஸ்பான்ஸ்"னு சொல்லி போட்டோ எடுக்குற. உன் வீட்டு வாசல்ல ஒருத்தன் வந்து நின்னு, உன் பட்டா என் பேர்லன்னு நாள் பூராம் மைக்குல சொன்னா நீயும் நல்லாத்தான் ரெஸ்பான்ஸ் குடுப்ப.

உனக்கு ஒரு ரகசியம் சொல்றேன். பாட்டுப் போடுறவன் வந்து "தாத்தா, டைட்லர் எங்க"ன்னு கேட்டா, நான் கையை நேரா படகுத்துறைக்குக் காட்டுவேன். அங்க சுண்டலும் சோளமும் நல்லாக் கெடைக்கும். குதிரைச் சவாரியும் உண்டு. டைட்லர் மட்டும் இருக்காது. உனக்கும் காலையில அங்கிட்டுத்தான் காட்டினேன். கோவிச்சுக்காத.

காதை வச்சு என்னதான் பண்றதுங்குறியா? இங்கிலாந்துல செல்போர்னுங்குற ஊர்ல கில்பர்ட் ஒயிட்டுன்னு ஒரு பாதிரியார் இருந்தாரு. இதே மாதிரி ஒண்ணைப் போலவே மூணு கதிர்க்குருவிங்க அவரு ஊரு மரத்துல திரிஞ்சுச்சு. ஊரே அதை ஒரே குருவின்னு நெனச்சப்ப, இவருதான் பாட்டைக் கேட்டு மூணும் வேறன்னு பிரிச்சாரு. 1789-ல வந்த அவரு புத்தகத்துல எல்லாம் இருக்கு. உன் லென்ஸு அவருகிட்ட இல்ல. அவசரமும் இல்ல. இங்கயும் அதான் கணக்கு. பெரிய அலகுக்காரன் ரெண்டு சுரத்துல விசிலடிப்பான், மொதச் சுரம் கீழ, ரெண்டாவது மேல. பச்சைக்காரன் வெடுக்குன்னு "ட்சிலிப்"புங்குவான். இந்த ரெண்டும் உனக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியணும். தெரிஞ்சிருச்சுன்னு வையி, மூணாவதா ஒருத்தன் வாயைத் தொறந்த உடனே காது தானா அங்க திரும்பும். தெரியலேன்னா எல்லாமே "கிச்சு கிச்சு"தான்.

அப்புறம், ஓடாத. சோலைக்குள்ள ஆளாளுக்கு ஓடுறீங்க. நான் சொல்ற எடத்துல நில்லு. ஏரி மடங்குற மூலையில சோலை ரோட்டைத் தொடுது பாரு, வெயில் மொதல்ல விழுற மரங்க. காலையில பூச்சி அங்கதான் மொதல்ல அசையும். வெள்ளைக்கண்ணிக் கூட்டம் ஒண்ணு சலசலன்னு வரும். அதுகூட பட்டாணிக் குருவி வரும், மரத்துல தலைகீழா இறங்குற நீலப் பசையெடுப்பான் வரும், அந்தக் கூட்டத்தோட ஒட்டிக்கிட்டுத்தான் கதிர்க்குருவிங்களும் வரும். கூட்டம் உன்னைக் கடந்து போயிரும். தொரத்தாத. அது சுத்தி வரும். தொரத்தினவன் சோலையோட அந்தப் பக்கம் மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கும்போது, நிக்கிறவன் தலைக்கு மேல ரெண்டாவது தடவை வரும்.

நிக்கிறப்ப ஒரு கண்ணைக் கீழயும் வச்சுக்க. இந்த வகையறாவைப் பாக்குறவனுக்குக் கழுத்து பின்னால மடிஞ்சே போயிரும். அண்ணாந்து வாயைப் பொளந்து நிக்கிறவனுக்குப் பக்கத்துல காட்டுமாடு வந்து நின்னாலும் தெரியறதில்ல. கொடைக்கானல்ல அது ரோட்டுல, தோட்டத்துல, பஸ்ஸ்டாண்டுப் பக்கம்கூட வரும். ஒரு டன்னு கிட்ட எடை. ஏழு கிராமைத் தேடி வந்தவனை அது முட்டிச்சுன்னா எந்த லிஸ்டுல எழுதுறது?

இன்னொரு கதை சொல்றேன், டீ ஆறட்டும். காங்கிரசை ஆரம்பிச்சவர்ல ஒருத்தரு ஹியூம், பள்ளிக்கூடத்துல படிச்சிருப்ப. அவரு அரசியலுக்கு வர்றதுக்கு முந்தி பெரிய குருவிப் பைத்தியம். 1867-ல சட்லெஜ் ஆத்துப் பள்ளத்தாக்குல ஒரு நாணல் கதிர்க்குருவியைப் பிடிச்சாரு. அலகு பெருசா இருந்துச்சு. பெரிய அலகு நாணல் கதிர்க்குருவின்னு பேரு வச்சாச்சு. அதோட சரி, அடுத்த குருவி எவன் கண்ணுலயும் படல. இப்படி ஒரு இனம் இருக்கா, இல்ல ஏதோ ஒரு குருவிக்கு மூக்கு மட்டும் வளந்துருச்சான்னுகூட சந்தேகப்பட்டாங்க. உலகத்துலயே யாருக்கும் தெரியாத குருவின்னு பேரு வாங்கிருச்சு. 139 வருசம் கழிச்சு, 2006 மார்ச்சுல தாய்லாந்துல ஒரு வலையில விழுந்துச்சு. எங்க தெரியுமா? பனிமலையா, ஆள் நுழையாத காடா? கழிவுத்தண்ணி சுத்தம் பண்ற எடத்துல. ரேர் குருவி தேடிப் போறவன் எவனாவது சாக்கடைத் தண்ணிப் பக்கம் போவானா? போனவருக்குக் கெடைச்சுச்சு. இறகை எடுத்து ஹியூம் பிடிச்ச பழைய குருவியோட மரபணுவைச் சேத்துப் பாத்தா, ரெண்டும் ஒண்ணு.

இதுக்கப்புறம்தான் சுவாரசியமே. இங்கிலாந்துல டிரிங்குங்குற ஊரு மியூசியத்துல அலமாரியைத் தொறந்து பாக்குறாங்க. அங்க ஒண்ணு ஏற்கெனவே படுத்துக்கிடக்கு. 1869-ல உத்தரப் பிரதேசத்துல பிடிச்சது. பக்கத்துல சீட்டுல என்ன எழுதியிருக்கு? பிளித் நாணல் கதிர்க்குருவின்னு. அதாவது, நம்ம ஊர்ல குளிர்காலம் பூராம் வேலிப் புதருக்குள்ள "டக், டக்"னு சத்தம் குடுத்துக்கிட்டு ஒளிஞ்சு திரியுதே, யாரும் நின்னு பாக்காத அந்தச் சாதாரணக் குருவி. அம்புட்டுப் பேரும் தேடினது அவங்க இழுப்பறையிலயே சாதாரணப் பேரோட நூறு வருசத்துக்கு மேல கிடந்திருக்கு. பெறகு ஆப்கானிஸ்தான் வாக்கான் பக்கம் அது கூடு கட்டி வாழுறதையும் கண்டுபிடிச்சுட்டாங்க. அங்க அது பாட்டுக்கு இருந்திருக்கு, தான் காணாமப் போனது தெரியாம.

இப்ப உன் நோட்டைக் காட்டு. காலை 7.10, டைட்லர், 1, "சரியாத் தெரியல, ஆனா ஃபீல் இருந்துச்சு"ன்னு எழுதியிருக்க. ஃபீலை எழுதுறதுக்குக் கவிதை நோட்டு தனியா வாங்கிக்க. நீங்க லிஸ்டு ஏத்துற ஈபேர்டுல ரேரா எதையாவது போட்டா, சரிபாக்குறவரு போட்டோ கேப்பாரு, சத்தம் கேப்பாரு, எதை வச்சு முடிவு பண்ணினன்னு கேப்பாரு. அவருமேல கோவப்பட்டு "என் பத்து வருச அனுபவம்"னு கடுதாசி எழுதாத. குருவிக்கு உன் அனுபவம் தெரியாது. தெரியலேன்னா இலைக்கதிர்க்குருவி, இனம் தெரியலன்னு போட அதுலயே ஒரு கட்டம் இருக்கு. எனக்குத் தெரிஞ்சு பெரிய பெரிய புரொபசருங்க அந்தக் கட்டத்தைத்தான் ரொம்ப உபயோகிப்பாங்க. புதுசா பைனாகுலர் வாங்கினவனுக்குத்தான் எல்லாக் குருவிக்கும் பேரு தெரியும்.

நீ தப்பா எழுதினா எனக்கு என்ன நட்டம்னு கேக்கலாம். டைட்லர் கதிர்க்குருவி அழியுற ஆபத்துக்குப் பக்கத்துல நிக்குதுன்னு உலகப் பட்டியல்ல வச்சிருக்காங்க. அது கூடு கட்டுற மலைக்காடு சுருங்குது. குளிருக்கு வர்ற எடத்துல சோலை எம்புட்டு மிச்சம்னு நீயே பாக்குற, சுத்தியும் தைலமும் பைனும் சவுக்கைப்பட்டையுமா நட்டு வச்சுட்டாங்க. டைட்லர் எந்தச் சோலைக்கு வருது, எதுக்கு வரலங்குறது உங்க லிஸ்டை வச்சுத்தான் நாளைக்கு ஒருத்தன் கணக்குப் பாப்பான். தேய்ஞ்ச கோட்டுக்காரனையெல்லாம் டைட்லர்னு எழுதி வச்சா, நெறைய இருக்குன்னு சொல்லி கோப்பை மூடிருவான்.

இது மாசி. பங்குனி, சித்திரையில ஒண்ணொண்ணாக் கிளம்பிரும், பெறகு புரட்டாசி, ஐப்பசி வரைக்கும் நீ வானத்தைப் பாத்தும் பிரயோசனம் இல்ல. நாளைக்குக் காலையில ஆறரைக்கு ஏரி மடங்குற அந்தச் சோலை மூலைக்கு வா. போனை ரூம்லயே வச்சுட்டு வா, ஆரஞ்சுப் பையையும் வச்சுட்டு வா. பச்சைக் கதிர்க்குருவி பத்தைச் சத்தத்தை வச்சே எனக்கு நீ காட்டு. பெறகு டைட்லர் வர்ற மரத்தை உனக்கு நான் காட்டுறேன்.